சாய்தளமும் ரகசியமும்

(தேர்தல் பணியாற்றும் ஆசிரியர்களின் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுவதையும் உட்கார்ந்து படித்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அதில் 37ஆவது விதி மை வைப்பதைப் பற்றியது. இடது கை ஆட்காட்டி விரலில் மை வைக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். விதி அதோடு நிற்கவில்லை. அந்த விரல் இல்லாதவருக்கு இடது கையில் வேறு எந்த விரல் இருக்கிறதோ அதில் வை என்கிறது. இடது கையில் விரலே இல்லையென்றால் வலது கை விரலில் வை. இரண்டு கைகளிலும் விரல்கள் இல்லையென்றால், அவருக்கு இருக்கும் கையின் நுனி எதுவோ, அங்கே வை.

சக்கர நாற்காலி வருமா, பிரெய்ல் வருமா என்று யாரும் பேசாத காலத்தில் எழுதப்பட்ட விதி இது. தொழுநோயில் விரல்களை இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். விதியை எழுதியவர்கள் அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். விரல் இல்லாதவனுக்கு வாக்கு இல்லை என்று சொல்வதற்கு ஒரு நொடி ஆகாது. அப்படிச் சொல்லவில்லை. கையின் நுனி வரைக்கும் தேடிப் போயிருக்கிறார்கள். இன்று நான் பேசப்போகும் விஷயத்துக்கு இந்த விதியையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். மனிதனை விதிக்கு ஏற்ப வளைக்காமல், வருகிற மனிதனைத் தேடிப்போய் விதியை எழுதும் மனம் நமக்கு இருந்திருக்கிறது.

இன்னும் பத்து வருடம் பின்னே போனால் 1951-52 பொதுத்தேர்தல். சுகுமார் சென் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். வாக்காளர் பட்டியலில் ஏறக்குறைய 17 கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேட்பாளர் பெயரைப் படிக்க முடியாதவர் எப்படி வாக்களிப்பார்? ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். வாக்காளர் சீட்டைத் தனக்குப் பிடித்த சின்னத்தின் பெட்டியில் போட்டால் போதும். சின்னம் என்றால் நமக்கு இன்று சுவரெழுத்தும் கொடியும்தான் நினைவுக்கு வருகின்றன. அது பிறந்தது படிக்காதவர்களும் பிறர் துணையின்றி, தாமாக, ரகசியமாக வாக்களிப்பதற்காக. வாக்குச்சாவடியில் செய்து தரப்படும் வசதி என்பது யாரோ சிலருக்குக் காட்டும் சலுகை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தும் நாம் எல்லோரும் அப்படி ஒரு வசதியைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி படிக்கட்டுக்கு வருகிறேன்.

2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல். சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஜாவேத் அபிதியும் அவருடைய தோழர்களும், எங்களால் வாக்குச்சாவடிக்குள் நுழையவே முடியவில்லை என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தேர்தல் நடந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதத்திலேயே நீதிமன்றம் உத்தரவிட்டது: மரத்தாலான சாய்தளமாவது வையுங்கள். நேரம் இல்லாத நெருக்கடியில் சொன்ன வழி அது. அன்றைக்கு அது சரியான உத்தரவு. ஆனால் அந்த அவசர ஏற்பாட்டையே பழக்கமாக்கிக்கொண்டோம். அதுதான் என் வருத்தம். பல பள்ளிகளில் இன்றும் தேர்தலுக்கு முதல்நாள் பலகை வருகிறது, தேர்தல் முடிந்த மறுநாள் பலகை போகிறது. சில இடங்களில் செங்கல்லை அடுக்கி மேலே சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். அறிக்கையில் 'சாய்தளம் உள்ளது' என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடும்.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நம் பள்ளித் தாழ்வாரங்களுக்குச் சாதாரணமாக மூன்று படிகள் இருக்கும். படிக்கு அரை அடி வைத்தால் ஒன்றரை அடி உயரம். அப்படியானால் சாய்தளம் பதினெட்டு அடி நீளம் இருக்க வேண்டும். நான் பார்த்த சாய்தளங்களில் பல, ஆறேழு அடியில் முடிந்துவிட்டன. அதில் சக்கர நாற்காலியை ஏற்றுவதற்கு இரண்டு பேர் தள்ள வேண்டும். இறங்கும்போது உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்து விழாமல் ஒருவர் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட சாய்தளம் இல்லாமல் இருந்தாலே நல்லது, ஏனென்றால் இருப்பதாக நினைத்து ஏமாறி வருபவர்தான் விழுகிறார். பிறகு கைப்பிடி. ஊன்றுகோல் ஊன்றி வருபவருக்குச் சரிவைவிடக் கைப்பிடிதான் முக்கியம். முழங்கால் தேய்ந்த நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் அப்படியே. அந்தக் கைப்பிடியைத்தான் நாம் பெரும்பாலும் வைப்பதே இல்லை.

சாய்தளத்துக்கு வந்து சேர்வது அடுத்த பாடு. பள்ளி கேட்டிலிருந்து அறை வரைக்கும் மணல். ஏப்ரல் வெயிலில் காய்ந்து பொதபொதவென்று கிடக்கும் மணலில் சிறிய முன்சக்கரம் புதைந்து நின்றுவிடும். அப்புறம் அறை வாசலில் ஒரு நிலைப்படி. அதையும் தாண்டினால், வாக்குப்பதிவு இயந்திரம் நிற்பவரின் உயரத்துக்கு மேசை மேல் இருக்கும், சுற்றிலும் அட்டை மறைப்பு. உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு மேல்வரிசை வேட்பாளர்கள் தெரிவதே சிரமம். இப்படி ஒவ்வொரு இடமாக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேட்டிலிருந்து பொத்தான் வரைக்கும் ஒரே பாதை. நடுவில் ஓரிடத்தில் அது அறுந்தாலும் மற்ற ஏற்பாடெல்லாம் வீண்.

நான் தேர்தல் பணி பார்த்த காலத்தில் ஒரு கிராமப் பள்ளியில், இரு கால்களும் விளங்காத பெரியவர் ஒருவரை அவருடைய மகன் இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் இரக்கத்தோடு வழிவிட்டோம். வாக்களித்து வெளியே வந்ததும் பெரியவர் என்னிடம் சொன்னார்: "சார், ஊரே பாக்க என்னைக் கொழந்தையாட்டம் தூக்கிட்டு வர்றான். அதுக்கு வராமலே இருந்திருக்கலாம்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் இரக்கம் அவருக்கு எப்படிப் பட்டது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அந்தப் பள்ளியில் மூன்றே படிகள்தான்.

இந்த இடத்தில் ஆசிரியர்களாகிய உங்களை நேராகப் பார்த்துப் பேச விரும்புகிறேன். வாக்குச்சாவடி என்பது பெரும்பாலும் அரசுப் பள்ளி. தேர்தலுக்கு ஒரு நாள், குழந்தைகளுக்கு ஆண்டு முழுவதும். வாக்காளர் ஏற முடியாத படியில் தசைச் சிதைவு நோயுள்ள பிள்ளையும் ஏற முடியாது. ஒரு நாளைக்குப் பலகை போட்டு எடுத்துவிடுகிற பள்ளி, அந்தப் பிள்ளையை மீதி நாளெல்லாம் வாசலிலேயே நிறுத்துகிறது. நிரந்தரமான சாய்தளம் கட்டினால் பள்ளிக்கூடத்துக்குக் கட்டியதாக இருக்கும். தேர்தலுக்கு அது தானாகவே கிடைக்கும். இவ்வளவு எளிய கணக்கை ஏன் தேர்தல் துறை தனியாகவும் கல்வித் துறை தனியாகவும் போடுகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 11ஆம் பிரிவில், எல்லா வாக்குச்சாவடிகளும் மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோகும்படி இருக்க வேண்டும், தேர்தல் தொடர்பான ஆவணங்கள் எல்லாம் அவர்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும் மாநிலத் தேர்தல் ஆணையங்களுக்கும் கட்டளையிடுகிறது. மாநிலத் தேர்தல் ஆணையத்தையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கும் இது பொருந்தும். நடைமுறையில் மக்களவைத் தேர்தலுக்கு வரும் சக்கர நாற்காலி உள்ளாட்சித் தேர்தலுக்கும் அதே கவனத்தோடு வருகிறதா என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாம், சட்டத்தின் விதிகள் வந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்றியமைக்கச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன; கெடு 2022இல் முடிந்துவிட்டது. 2024 நவம்பரில், பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. கட்டடங்களுக்கான தரநிலைகளை வெறும் பரிந்துரையாக எழுதி வைத்திருந்த, அந்த 2017 விதிகளின் 15ஆவது விதி, சட்டத்துக்கு முரணானது என்று ஒதுக்கிவிட்டு, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. ஆகவே சாய்தளம் வைப்பது நல்ல மனம் உள்ள தலைமையாசிரியரின் விருப்பம் என்ற காலம் போய்விட்டது.

படி ஏறிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? பார்வையற்றவருக்கு உண்மையான தடை அறைக்குள்ளேதான் தொடங்குகிறது.

பார்வையின்மையாலோ உடல் நலிவாலோ தானாக வாக்களிக்க முடியாதவர், 18 வயது நிரம்பிய துணையாளர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம் என்கிறது தேர்தல் நடத்தை விதிகளின் 49-என் விதி. துணையாளர் ஒருநாளில் ஒருவருக்குத்தான் துணையாகப் போகலாம். வாக்கை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி தர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது தானாக வாக்களிக்க முடியாதவருக்கு உரிய ஏற்பாடு. பார்வையற்றவர்கள் பலருக்குத் தானாக வாக்களிக்க முடியும். இயந்திரத்தில் நீலப் பொத்தான்களின் பக்கத்தில் 1 முதல் 16 வரை பிரெய்ல் எண்கள் புடைப்பாக இருக்கின்றன. 2004இல் ஆந்திரத்தின் ஆசிஃப் நகர் இடைத்தேர்தலில் தொடங்கிய சோதனை படிப்படியாகப் பரவி, 2009 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதற்கும் வந்தது. வேட்பாளர் பெயர்கள் வரிசையாக அச்சிட்ட பிரெய்ல் மாதிரித் தாள் ஒன்றும் வாக்குச்சாவடிக்கு வரும். வாக்காளர் அதைத் தடவிப் படித்து, தனக்கு வேண்டியவரின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அந்த எண்ணைத் தேடி அழுத்தலாம். பீப் சத்தம் கேட்டால் வாக்கு பதிவாகிவிட்டது.

இங்கிலாந்தில் வைத்திருந்த கருவியைவிட நம் ஏற்பாடு ஒருவகையில் மேல். அங்கே வாக்குச்சீட்டின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தகட்டில் எண்கள் மட்டும் இருந்தன. எந்த எண்ணுக்கு எந்த வேட்பாளர் என்பதைப் பார்வையற்றவர் பிறரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பார்வையற்ற பெண்மணி வழக்குத் தொடுத்தார். அந்த ஏற்பாடு சட்டப்படி போதாது என்று 2019இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மிடம் மாதிரித் தாள் இருப்பதால் அந்தக் குறை இல்லை. ஆனால் அந்தத் தாள் பல வாக்குச்சாவடிகளில் பொருட்கள் வந்த சாக்குப் பையைவிட்டு வெளியே வருவதே இல்லை! பார்வையற்றவர் வந்து நின்றவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி, "கூட யாரும் வரலையா?" என்பதுதான். தனியாக வந்தவரைத் துணையோடு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிய அலுவலர்களையும் நான் அறிவேன். விதி துணையாளரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பிரெய்ல் தாள் வேண்டுமா?" என்பது.

பிரெய்ல் எல்லோருக்கும் தெரியாது என்பதும் உண்மை. வயதான பிறகு சர்க்கரை நோயிலும் கண்நீர் அழுத்த நோயிலும் பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் கற்றிருக்க மாட்டார்கள். அதோடு வேட்பாளர் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகிறது. 2024இல் கரூர் மக்களவைத் தொகுதியில் 54 வேட்பாளர்கள். ஓர் இயந்திரத்தில் 16 பெயர்தான் கொள்ளும். நான்கு இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். 1996இல் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு 54 பெரிதாகத் தெரியாது. ஆனால் விரலால் பார்க்கிறவரை நினைத்துப் பாருங்கள். எத்தனையாவது இயந்திரம், அதில் எத்தனையாவது பொத்தான் என்று இரண்டையும் நினைவில் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் போட்ட வாக்கு நீங்கள் போட்டவருக்குத்தான் விழுந்ததா என்று சரிபார்க்க ஒப்புகைச்சீட்டு இயந்திரம், விவிபேட், வந்தது. 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அறிமுகமாகி, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளுக்கும் வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி சீட்டுத் தெரியும். கண் தெரிந்தவருக்குத் தெரியும். பார்வையற்ற வாக்காளருக்கு அந்த ஏழு விநாடியும் ஒன்றுமில்லை. நாட்டின் மற்ற வாக்காளர்களுக்கு அவசியம் என்று கருதிக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கொடுத்த நம்பிக்கை இவருக்கு மட்டும் ஏன் இல்லை? அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் பார்வையற்றவர் உட்பட மாற்றுத்திறனாளிகள் தாமாகவும் ரகசியமாகவும் வாக்களிக்கக்கூடிய இயந்திரம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பெயர்களைக் கேட்டு வாக்களிக்கிறார்கள். மங்கள்யானை அனுப்பிய நாட்டுக்குச் சீட்டில் உள்ள பெயரை ஒலியாகச் சொல்லும் கருவி செய்வது முடியாத காரியம் அல்ல. இதைக் கேட்க வேண்டியது நம் கடமை.

காது கேளாதவர்களின் சிரமம் வேறு மாதிரி. வாக்குச்சாவடியில் முதல் அலுவலர் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார், முகவர்கள் குறித்துக்கொள்வதற்காக. காது கேளாதவர் தன்னைக் கூப்பிட்டது தெரியாமல் நிற்பார். பின்னால் நிற்பவர் தோளைத் தொட்டுத் தள்ளுவார். ஒரு தாளில் எழுதிக் காட்டினால் தீர்ந்துவிடும். பீப் சத்தத்துக்காக அவரைக் காத்திருக்க வைக்காமல், சிவப்பு விளக்கைச் சுட்டிக் காட்டினால் போதும். இதற்குப் பணம் வேண்டாம்.

மனநலம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த உரை நிறைவாகாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950இன் 16ஆம் பிரிவு, மனநிலை சரியில்லாதவர் என்று தகுதி வாய்ந்த நீதிமன்றம் அறிவித்தவரைத்தான் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்குகிறது. நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். வீட்டாரோ, அண்டை அயலாரோ, வாக்குச்சாவடி முகவரோ அறிவித்தால் செல்லாது. 2019 மக்களவைத் தேர்தலில் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பக வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உள்நோயாளிகள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய நாள் அது. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை.

இனி வீட்டிலிருந்தே வாக்களிப்பது. 2019 அக்டோபரில் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தி, 80 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அஞ்சல் வாக்கு வசதி தந்தார்கள். 2024இல் அந்த வயதை 85 ஆக்கினார்கள். 12-டி படிவத்தைக் கொடுத்தால், அலுவலர்கள் வீடியோ எடுப்பவரோடும் காவலரோடும் வீட்டுக்கு வந்து வாக்கைப் பெற்றுக்கொள்வார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 2024 தேர்தலின்போது பட்டியலில் 88 லட்சம் மாற்றுத்திறனாளிகளும், 85 வயது கடந்தவர்கள் 82 லட்சம் பேரும் இருந்தார்கள். எத்தனையோ வீடுகளில் பல வருடம் கழித்து முதல்முறையாக வாக்கு பதிவானது. அதை நான் மனமார வரவேற்கிறேன்.

எனக்குள்ள அச்சம் வேறு. "உங்களுக்குத்தான் வீட்டுக்கே வருகிறார்களே, எதற்கு இங்கே வந்து சிரமப்படுகிறீர்கள்?" என்று வாக்குச்சாவடி வாசலில் கேட்கும் குரல் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டது. வீட்டு வாக்கு, சாய்தளம் கட்டாமலிருப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. ஒரே அறை உள்ள வீட்டில், மகனும் மருமகளும் சுற்றி நிற்க, அட்டை மறைப்பை வைத்து எவ்வளவு ரகசியத்தைக் காப்பாற்ற முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும். அதோடு, அந்தப் படிவத்தைக் கொடுத்து அது ஏற்கப்பட்டுவிட்டால் பிறகு மனம் மாறி வாக்குச்சாவடிக்கு வந்து வாக்களிக்க முடியாது.

இமாசலப் பிரதேசத்தின் கல்பா கிராமத்தைச் சேர்ந்த ஷியாம் சரண் நேகியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், பனிக்காலத்துக்கு முன்பே 1951 அக்டோபரில் அங்கே வாக்குப்பதிவு நடந்தபோது முதலாவதாக வாக்களித்தவர் என்று அறியப்பட்டவர். அவரும் நம்மைப் போலப் பள்ளி ஆசிரியர்தான். 2022 சட்டமன்றத் தேர்தலுக்கு அலுவலர்கள் 12-டி படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது, வாக்குச்சாவடிக்கே வந்து வாக்களிக்கிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உடல்நிலை மோசமான பிறகுதான் நவம்பர் 2ஆம் தேதி வீட்டில் வாக்களித்தார். மூன்று நாள் கழித்து இறந்துபோனார், வயது 105. நூறு வயதைக் கடந்த மனிதருக்கும் ஊரோடு ஊராக வந்து வாக்களிப்பதில் ஒரு நிறைவு இருந்தது. வரிசையில் நிற்பது, பக்கத்துத் தெருக்காரரைப் பார்த்துச் சிரிப்பது, மை வைத்த விரலோடு வெளியே வருவது எல்லாம் சேர்ந்ததுதான் வாக்கு. வீட்டு வாக்கு வேண்டுமா, வாக்குச்சாவடி வேண்டுமா என்பதை வாக்காளர் தேர்ந்தெடுக்க வேண்டும். படிக்கட்டு தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஆகவே உங்களிடம் சில கோரிக்கைகள். தேர்தல் பணிக்குப் போகிறவர்கள், பொருட்களைச் சரிபார்க்கும்போதே பிரெய்ல் தாளை எடுத்து மேசை மேல் வையுங்கள். மாற்றுத்திறனாளி வரும்போது உடன் வந்தவரிடம் பேசாமல் அவரிடமே பேசுங்கள். உங்கள் தெருவில் மாற்றுத்திறனாளி யாராவது இருந்தால், படிவம் 8 மூலம் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே அதைப் பதிவுசெய்ய உதவுங்கள். பதிவு இருந்தால்தான் எந்த வாக்குச்சாவடிக்கு எத்தனை சக்கர நாற்காலி, எந்த வீட்டுக்கு வண்டி என்று திட்டமிட முடியும். வழி தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள்.

கடைசியாக, தலைமையாசிரியர்களுக்கு. நாளை பள்ளிக்குப் போனதும் ஓர் அளவுநாடா எடுத்துத் தாழ்வாரத்தின் உயரத்தை அளந்து, பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். அந்த நீளத்தில், இரு பக்கமும் கைப்பிடியோடு, சிமெண்டில் நிரந்தரச் சாய்தளம் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். கிராம சபையிலும் அதையே வையுங்கள். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கூட்டத்திலேயே போடுங்கள்.